சத்தம் போடாத உயிருக்குத் தேவை குறைவா?

பந்து மலைப்பாம்பு மேற்கு, நடு ஆப்பிரிக்காவுக்கு உரியது. செனகலிலிருந்து உகாண்டா வரை புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் வாழ்கிறது. பகலில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பின் இரை தேடப் புறப்படும். வளர்ந்த பாம்பு 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். நஞ்சு கிடையாது. அஞ்சினால் பாய்ந்து கடிப்பதைவிட, தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதே அதன் வழக்கம். அந்த வழக்கத்தால்தான் அதற்கு இந்தப் பெயர் வந்தது. முதன்முதலாகப் பாம்பு வளர்க்க நினைப்பவர்களுக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் பாம்பாக அது ஆனதும் அதனால்தான்.

அந்தப் பரிந்துரையோடு ஒரு கருத்தும் பரவியிருக்கிறது: பாம்பு வளர்ப்பதைப்போல எளிய வேலை வேறில்லை. பாம்பு குரைக்காது, முடி உதிர்க்காது, நடைக்கு அழைத்துப்போகச் சொல்லாது. வாரத்துக்கு ஒரு வேளை உணவு போதும். வளர்ந்த பின் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு வேளை. வீட்டில் பெரிய இடம் கேட்காது. நாள் முழுதும் வேலைக்குப் போகிறவர், அடுக்குமாடியில் இருப்பவர், பள்ளி மாணவர் என யாரும் வளர்க்கலாம். விற்பவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. பல ஆண்டு வளர்த்தவர்களும் மனமறிந்து சொல்கிறார்கள்.

இந்தக் கருத்தை நேர்மையாக எடைபோட வேண்டும். அது அடுக்கும் தகவல்கள் பெரும்பாலும் உண்மை. பந்து மலைப்பாம்பு சாதுவானது. நாய்க்கோ கிளிக்கோ செலவிடும் நேரம் அதற்குத் தேவைப்படுவதில்லை. பிழை தகவல்களில் இல்லை, அவற்றிலிருந்து எடுக்கும் முடிவில் இருக்கிறது. பசித்த நாய் ஊளையிடும். தனிமையில் வாடும் கிளி தன் இறகைத் தானே பிடுங்கும். பாம்பு குளிரில் விறைத்தாலும், நுரையீரலில் சளி கட்டினாலும், அசையாமல் கிடக்கும். கேட்காத உயிருக்குத் தேவையும் இல்லை என்று எண்ணுவதே இந்தக் கருத்தின் அடிப்படைத் தவறு. அதன் ஒவ்வொரு கூற்றிலும் இந்தத் தவறு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கீழே காணலாம்.

1. “வேலை குறைவு”

யாருக்குக் குறைவு? நாயும் பூனையும் தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பாம்பு அதைச் சூழலிலிருந்து பெறுகிறது. காட்டில் வெயில்பட்ட பாறைக்கும் வளையின் குளிர்ச்சிக்கும் இடையே நகர்ந்து நகர்ந்து தன் வெப்பத்தைச் சீர்செய்துகொள்கிறது. பெட்டிக்குள் அடைத்த பின் அந்தப் பாறையையும் வளையையும் மனிதர்தான் அமைத்துத் தர வேண்டும். பாம்பின் உடல் செய்துவந்த வேலை வளர்ப்பவர் கைக்கு மாறுகிறது.

பந்து மலைப்பாம்பின் பெட்டியில் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மறுபக்கம் 25 முதல் 27. இரவில் 24க்குக் கீழே இறங்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நிற்க வேண்டும். வெப்பம் குறைந்தால் செரிமானம் நிற்கும். விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகி, பாம்பு அதைக் கக்கும். வெப்பம் கூடினால் தோல் வெந்துபோகும். கட்டுப்பாட்டுக் கருவியான தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்பப் பாயைப் போடுவதும், மின்சாரத்தால் சூடாகும் போலிப் பாறைகளை வைப்பதும் பாம்புகளுக்குத் தீக்காயம் தரும் வழக்கமான காரணங்கள். சுடுகிறதே என்று பாம்பு விலகிப் போய்விடும் என எதிர்பார்க்க முடியாது. சுடும் பரப்பிலேயே கிடந்து வயிற்றுச் செதில்கள் கருகிய பாம்புகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்துவருகிறார்கள்.

வெப்ப நாடுகளில் இந்தத் தொல்லையே இல்லை என்ற வாதமும் உண்டு. சென்னை வெயிலில் தனியாகச் சூடு எதற்கு என்று கேட்கிறார்கள். பாம்புக்கு வேண்டியது வெறும் சூடு இல்லை. சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் இடையே தேர்ந்துகொள்ளும் வசதி. அறை முழுதும் 38 டிகிரியில் கொதிக்கும்போது ஒதுங்கக் குளிர்ந்த மூலை இல்லாத கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். அங்கே கவலை மே மாதத்தில் தொட்டியைக் குளிர வைப்பதாக மாறுகிறது. மின்சாரம் போனால் குளிர் ஊர்களிலும் வெப்ப ஊர்களிலும் நிலைமை ஒன்றே.

2. “சின்னப் பெட்டி போதும்”

இந்தக் கூற்றுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் சான்று வலுவானது. ஒதுக்கித் தள்ளக் கூடாது. குட்டிப் பந்து மலைப்பாம்பைப் பெரிய தொட்டியில் விட்டால் பல நேரம் அது உண்ண மறுக்கிறது. சின்னப் பெட்டிக்கு மாற்றியதும் உண்கிறது. ஆகவே நெருக்கமான இடத்தையே பாம்பு விரும்புகிறது, காட்டிலும் வளைக்குள்தானே வாழ்கிறது என்கிறார்கள்.

வளை வீடா, உலகமா? மனிதரும் இரவில் ஒரு கட்டிலில்தான் உறங்குகிறார். அதனால் அவருக்குக் கட்டில் அளவு அறை போதும் என்று ஆகாது. பெரிய தொட்டியில் குட்டிப் பாம்பு அஞ்சுவதற்குக் காரணம் அகலம் இல்லை, வெறுமை. நான்கு பக்கமும் கண்ணாடி, தரையில் ஒரு காகிதம், நடுவில் ஒரு தண்ணீர்க் கிண்ணம் என்றிருந்தால் எந்த இரவு விலங்கும் ஒடுங்கும். அதே தொட்டியில் சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக, உடல் உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடங்களை வைத்து, மூன்று பக்கக் கண்ணாடியை மூடி, கிளையும் சருகும் நிரப்பினால் அச்சம் விலகுகிறது. மறைவிடம் ஒன்றே ஒன்று வைப்பதும் கொடுமைதான்: பாதுகாப்பா, ஏற்ற வெப்பமா என்று இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கும்படி பாம்பு தள்ளப்படுகிறது.

பாம்பு உடலை நீட்டுவதே இல்லை என்பதும் தவறு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 65 பாம்புகளை ஒரு மணி நேரம் கவனித்தபோது, அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை உடலை நேராக நீட்டிக் கிடந்தன. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மக்காச்சோளப் பாம்புகள் பெரிய பெட்டியில் கூடுதலாக நடமாடின; தேர்ந்தெடுக்க விட்டபோது பெரிய பெட்டியிலேயே கூடுதல் நேரம் கழித்தன. பந்து மலைப்பாம்பு தரையை விட்டு எழாது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. தென்கிழக்கு நைஜீரியக் காடுகளைப் பற்றி 1998இல் வெளியான ஆய்வில், ஆண் பாம்புகள் மரமேறிப் பறவைகளை உண்பது தெரியவந்தது. உடலை முழுதாக நீட்ட முடியாத, ஏறக் கிளையில்லாத பெட்டி வளர்ப்பவருக்கு வசதியானது. பாம்புக்கு ஏற்றது என்று அதற்குப் பெயர் சூட்டக் கூடாது.

3. “வாரம் ஒரு எலி, அவ்வளவுதான்”

எந்த எலி? எவ்வளவு பெரியது? உயிரோடா, உறையவைத்ததா? பாம்பின் உடல் எங்கே மிகப் பருத்திருக்கிறதோ அந்தப் பருமனுக்கு மேற்படாத இரை வேண்டும். குட்டிக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளி. வளர்ந்த பாம்புக்கும் வாரந்தோறும் ஊட்டுவது அன்பு போலத் தோன்றும். அதனால் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்புப் படிகிறது.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டு மறந்துபோவது பெருந்தவறு. பாம்புக்குப் பசியில்லை என்றால் எலிக்குப் பசி எடுக்கும். அது பாம்பின் முதுகைக் கடித்துத் தின்ன ஆரம்பிக்கும். எலும்பு தெரியும்வரை கடிபட்ட பாம்புகள் உண்டு. ஆகவே வலியின்றிக் கொன்று உறையவைத்த எலியை இளக்கி, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் கொடுப்பதே பாம்புக்கும் நல்லது, எலிக்கும் நல்லது. வீட்டு உறைபெட்டியில் எலிகளைச் சேமிக்க வேண்டும் என்பதை வளர்க்க முன்வருபவரும் அவர் வீட்டாரும் பாம்பு வருமுன்பே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பாம்பு பால் குடிக்காது, காய்கறி உண்ணாது. இறைச்சித் துண்டுகள் மட்டும் கொடுத்தாலும் ஊட்டம் கிடைக்காது. முழு விலங்கை எலும்போடும் உள்ளுறுப்போடும் விழுங்குவதற்கென்றே அதன் உடல் அமைந்திருக்கிறது.

புதியவரை மிகவும் கலங்கடிப்பது பட்டினி. நலமான பந்து மலைப்பாம்பே மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் பாம்புகளுக்கு இது இயல்பு. நோயுற்ற பாம்பும் உண்ணாமல்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய நம்பகமான வழி, சமையலறைத் தராசில் பாம்பைக் கிராம் கணக்கில் நிறுத்து, தேதியோடு எழுதிவைப்பது. எடை நிலையாக இருந்தால் பொறுத்திருக்கலாம். தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். அந்தக் குறிப்பேடு இல்லாதவருக்குப் பொறுமையா அலட்சியமா என்பது தமக்கே விளங்காது.

4. “உண்கிறது, சட்டை உரிக்கிறது, ஆகவே நலமாக இருக்கிறது”

இந்த அளவுகோல் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பருந்துக்கும் கீரிக்கும் இரையாகும் விலங்கு தன் பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாது. நோய் முற்றும்வரை அது உண்ணலாம், சட்டையும் உரிக்கலாம். வெளியே தெரியும்போது பல வாரம் கடந்திருக்கும்.

மூச்சுக்குழல் தொற்று இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. நம்மைப்போல இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. சளி உள்ளேயே தேங்கும். மூச்சில் மெல்லிய சீழ்க்கை, மூக்கோரம் குமிழி, வாயைத் திறந்தபடி தலையை மேலே தூக்கிக் கிடத்தல் ஆகியவையே அடையாளங்கள். கடைசி அடையாளத்தைக் கண்டு “எட்டிப் பார்க்கிறது” என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள்; மூச்சுக்குத் தவிக்கும் உயிர் அது.

சட்டையும் பேசும், படிக்கத் தெரிந்தால். ஈரப்பதம் போதுமானதாக இருந்தால் மூக்கிலிருந்து வால்நுனி வரை ஒரே உறையாகக் கழலும். துண்டு துண்டாகப் பிய்ந்தால் பெட்டி வறண்டிருக்கிறது என்று பொருள். கண்ணின் மேல் மூடிய பழைய செதில் கழலாமல் தங்கிவிடுவதும் உண்டு. அதை நகத்தால் பெயர்ப்பது கண்ணையே கெடுக்கும். ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த உரிப்பு வரை காத்திருக்கலாம், இல்லையெனில் மருத்துவரிடம் காட்டலாம். செதில்களுக்கு அடியில் கறுப்புப் புள்ளிகளாக ஊரும் சிற்றுண்ணிகள் ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். பந்து மலைப்பாம்புகளைத் தாக்கும் நிடோ வைரஸ் மூச்சு மண்டலத்தைச் சிதைக்கும். ஆகவே புதிதாக வரும் பாம்பைச் சில மாதங்களாவது தனி அறையில் வைக்க வேண்டும். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் பாம்பு வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும்.

5. “தொடத் தொடப் பழகிவிடும்”

பழக்கம் வேறு, பணிதல் வேறு. கையில் எடுத்ததும் பந்தாகச் சுருளும் பாம்பை “எவ்வளவு சாது!” என்று பாராட்டுகிறார்கள். அது கையைச் சாவின் வாயாக நினைத்துத் தலையை ஒளித்துக்கொள்கிறது. உடல் தளர்ந்து, நாக்கை நீட்டிச் சூழலை மோப்பம் பிடித்தபடி, தானே ஊர்ந்து செல்லும் பாம்புதான் அச்சம் விட்ட பாம்பு. இரண்டையும் ஒன்றாகக் கருதினால், அஞ்ச அஞ்சக் கூடுதலாகத் தூக்கப்படும் நிலை உருவாகிறது.

புதிய பாம்பை முதல் வாரம் தொடவே கூடாது. அது இரண்டு மூன்று முறை இரை எடுத்த பிறகே கையில் எடுக்க வேண்டும். இரை விழுங்கிய பின் 48 மணி நேரம் தொடக் கூடாது, தொட்டால் கக்கிவிடக்கூடும். கண் பால்நிறமாகிச் சட்டை உரிக்கும் நாட்களிலும் விட்டுவிட வேண்டும். மற்ற நாட்களில் சில நிமிடம் போதும். பாம்புக்கு மனிதரின் அணைப்பு தேவையில்லை என்பதை ஏற்க முடியாதவருக்கு ஏற்ற விலங்குகள் வேறு உண்டு.

தொடுகையில் மனிதருக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. நலமான பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா நுண்ணுயிர் வாழும். தொட்ட பின் சோப்பால் கை கழுவுவது கட்டாயம். பாம்பின் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. “குழந்தைக்கு ஏற்ற முதல் செல்லம்” என்ற விளம்பரம் இந்த இடத்திலேயே உடைகிறது.

6. “எங்கும் கிடைக்கிறது, விலையும் மலிவு”

மலிவுக்கு யார் விலை கொடுத்தார்கள்? டோகோ, கானா, பெனின் நாடுகளிலிருந்து 1975க்குப் பின் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பந்து மலைப்பாம்புகள் ஏற்றுமதியாகியுள்ளன. பண்ணையில் பிறந்தவை என்ற பெயரில் வருபவற்றுள் பல, காட்டில் பிடித்த சினைப் பாம்புகளின் முட்டைகளிலிருந்து பொரித்தவை. பெனின் நாட்டின் வீடா நகரில் இதே பாம்புக்குக் கோயில் இருக்கிறது. அங்கே அது வணங்கப்படும் உயிர். அதே மண்ணின் காடுகளிலிருந்து சாக்குகளில் அள்ளப்பட்டு, பல கைகள் மாறி, ஒட்டுண்ணியும் நோயுமாக வந்துசேரும் பாம்புகள் புதியவர் கையில் இறப்பது எதிர்பார்க்கக் கூடியதே.

பண்ணையில் பிறந்ததாலேயே கேடு நீங்கிவிடாது. நிறத்துக்காகவே வளர்த்தெடுக்கும் வகைகளுள் ‘ஸ்பைடர்’ என்பது பெயர்பெற்றது. அதன் நிறத்தைத் தரும் மரபணுவோடு உட்காதுக் குறைபாடும் சேர்ந்தே வருகிறது. தலை ஆடும், திருகிக்கொள்ளும், சில பாம்புகள் இரையைக் குறிவைக்கவும் முடியாமல் தவிக்கும். அந்த நிறத்தை வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த தலைமுறைக்கும் அந்தத் தலைசுற்றலை ஆர்டர் செய்கிறார்கள். ஒரு புதியவர் செய்யக்கூடிய முதல் நன்மை, தாய் தந்தைப் பாம்புகளைக் காட்டவும், உணவுக் குறிப்பைத் தரவும் தயங்காத வளர்ப்பாளரிடம் மட்டும் வாங்குவது.

7. “பிடிக்காவிட்டால் கொடுத்துவிடலாம், விட்டுவிடலாம்”

எவ்வளவு காலத்துக்கு யோசித்தார்கள்? பந்து மலைப்பாம்பு 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச்சாலைக்கு 1961இல் வந்த ஒரு பெண் பாம்பு, 60 வயது தாண்டிய பின் 2020இல் முட்டையிட்டது. பள்ளி மாணவர் வாங்கும் பாம்பு அவருடைய கல்லூரி, வேலை, திருமணம், வீடு மாறுதல் எல்லாவற்றையும் தாண்டி உயிரோடு இருக்கும்.

வெளியே விடுவது இரக்கம் ஆகாது. பழக்கமில்லாத மண்ணில் பெரும்பாலானவை குளிராலும் பசியாலும் சாகும். சாகாதவை அதைவிடப் பெரிய கேடு. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் செல்லப் பிராணி வணிகத்தின் வழியே பரவிய பர்மிய மலைப்பாம்புகள் அங்கிருந்த பாலூட்டிகளை அழித்துவருகின்றன. அவை நெடுங்காலமாக நிலைத்த பகுதிகளில் ரக்கூன் எண்ணிக்கை 99 விழுக்காடு சரிந்ததாக 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் கலிஃபோர்னியக் கிங் பாம்புகள், தீவுக்கே உரிய பல்லிகளைத் தின்று தீர்க்கின்றன.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. இந்தியாவில் நாகம், சாரை, மலைப்பாம்பு போன்ற நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனமான பந்து மலைப்பாம்பு, காட்டுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் வந்த பின், அதை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றம், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். “யாரிடமாவது கொடுத்துவிடலாம்” என்பது எழுத்தில் பதிய வேண்டிய செயலாகிவிட்டது. ஆவணமில்லாத மலிவான குட்டி, பயணப்பெட்டியில் துணிகளுக்கு இடையே கடத்தி வரப்பட்டதாக இருக்கலாம். சென்னை விமான நிலையத்தில் அப்படிப் பிடிபடுவது தொடர்ந்து செய்தியாகிறது.

முடிவாக நிற்பது

இந்த மறுப்புகள் எதுவும் புதியவர் பாம்பு வளர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. பந்து மலைப்பாம்பைப் புதியவர் நன்றாகவே வளர்க்கலாம். அதற்கு வேண்டிய அறிவு கற்றுக்கொள்ளக் கூடியது. “எளிது” என்ற சொல்தான் அந்தக் கற்றலைத் தடுக்கிறது. எளிது என்று நம்பி வந்தவர் முதலில் பாம்பை வாங்குகிறார்; பிறகு பெட்டி, பிறகு வெப்பமானி, நோய் வந்த பிறகு மருத்துவரைத் தேடுதல். முறையான வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் மருத்துவர், அடுத்து உணவு கிடைக்கும் இடம், அடுத்து ஆவணம். பிறகு பெட்டியை அமைத்து, பாம்பில்லாமலே இரண்டு வாரம் ஓடவிட்டு, இரண்டு மூலைகளின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காலையும் இரவும் எழுதிப் பார்க்க வேண்டும். எண்கள் நிலைத்து நின்ற பிறகே பாம்பு வர வேண்டும்.

அந்தக் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் பாம்பின் எடை, இரை எடுத்த தேதி, சட்டை உரித்த தேதி, சட்டை முழுதாகக் கழன்றதா என்பவை ஏற வேண்டும். பாம்பு வாய்திறந்து சொல்லாதவற்றை அந்த எண்கள் சொல்லும். அவற்றை நாள்தோறும் படிக்கச் சலிப்பவருக்குப் பாம்பு ஏற்ற விலங்கு அல்ல.